ஆறு மாதச் சிட்சை

ஆவூர் அடைக்கலத்தைப் பிடித்தவர்கள் என்று யாரும் இருந்ததில்லை. அவருக்கும் யாரையும் பிடித்ததில்லை. உலகச் சண்டை மூண்டிருந்த காலத்தில் பட்டாளத்துக்குப் போய் ஜபல்பூரில் நான்கு வருடம் தந்தி வேலை பார்த்தார். அங்கே இந்தி படித்து, பரீட்சைகள் எழுதி, காக்கி டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களோடு ஊர் திரும்பினார். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த 1948ஆம் வருடம், பள்ளிகளில் இந்தி வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளி அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது.

முதல் நாள் முதல் வகுப்பில், கரும்பலகையில் பெரிதாக ஒரு சொல்லை எழுதினார். 'சிக்ஷா.' கல்வி என்று பொருள் சொன்னார். மணி அடித்ததும் அதை அழிக்காமல் வெளியே போனார். அடுத்த வகுப்பு தமிழ். தமிழாசிரியர் சோலையப்பன் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்துகள் தெரியும். எதிராளியின் ஆயுதம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து கற்றிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், மொழி வராது.

மத்தியானம் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"பிள்ளைகளுக்கு என்ன சார் எழுதிப் போட்டீங்க?"

"சிக்ஷா. படிப்புன்னு அர்த்தம்."

"எங்க ஊர்ல அதுக்குச் சிட்சைன்னு பேரு. குத்தம் செஞ்சவனுக்குக் குடுக்கிறது. படிப்புக்கும் தண்டனைக்கும் ஒரே வார்த்தை வச்சிருக்காங்களா ஒங்க ஆளுங்க?"

அறையே சிரித்தது. அடைக்கலம் டிபன் பாத்திரத்தை மூடி வைத்தார்.

"ஒங்களுக்குத் தெரியாத பாஷையில நாக்கை நீட்டாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் 'சிட்சை சார்' ஆனார். முதலில் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். பிறகு கடைத்தெருவில் காய் விற்பவர்கள்கூட அதுதான் அவர் பெயர் என்று நம்பிக் கூப்பிட்டார்கள். இந்திப் பாடத்தில் தோற்றாலும் மேல் வகுப்புக்குப் போகலாம் என்று விதி வந்தபோது, அவர் வகுப்பில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அவர் அடித்தார். அடிக்க அடிக்க அந்தப் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

சோலையப்பனுக்கும் அவருக்கும் ஒரு வாரம் கூடச் சண்டை இல்லாமல் போனதில்லை. ஒருவர் உட்கார்ந்த நாற்காலியில் மற்றவர் உட்கார மாட்டார். சோலையப்பன் கெட்டவர் அல்ல. தமிழை உயிராக நினைத்தவர். ஏழைப் பையன்களுக்கு வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். ஆனால் அடைக்கலம் என்ற பெயரைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

இந்தப் பகை 1956ஆம் வருடம் வரை பள்ளிக்கூடச் சுவருக்குள்தான் இருந்தது. அதை வெளியே இழுத்தது ஒரு தபால் கார்டு.

விராலிமலைக்கு மேற்கே இரண்டு மைலில் கருங்குளத்துப்பட்டி. சோலையப்பனின் சொந்த ஊர் அது. அங்கே சின்னப்பிள்ளை என்று ஒரு கைம்பெண். அவள் மகன் நாகராசு பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து மட்டும் போடுவான். அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த மதுரைக்காரன் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டதால், கூடாரத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு வடக்கத்திப் பையன் இந்தியில் எழுதி அனுப்பினான். நான்கே வரி.

நாகராசுக்குச் சின்னப்பிள்ளையின் அண்ணன் திருப்பதியின் மகள் அழகியைப் பேசி முடித்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. பங்குனியில் லீவில் வருவான், வந்ததும் கல்யாணம் என்று இருந்த நேரத்தில்தான் அந்தக் கார்டு வந்தது. ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோலையப்பன் ஊருக்கு வந்ததும் சின்னப்பிள்ளை கார்டை அவரிடம் நீட்டினாள். திருப்பதியும் கூட நின்றார்.

சோலையப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டினார். நாகராசு, நாசிக், ஆறு மாசம். இதெல்லாம் புரிந்தது. அடுத்த சொல்லில் நின்றார்.

"சிக்ஷா" என்றார். முகம் மாறியது. "ஆறு மாசம் சிட்சைன்னு போட்டிருக்கு. நாசிக்குக் கொண்டுபோயிருக்காங்க. லீவு கிடையாதுன்னும் இருக்கு."

"சிட்சைன்னா?" என்றாள் சின்னப்பிள்ளை.

"தண்டனை ஆத்தா. ஏதோ தப்புப் பண்ணியிருக்கான்."

எட்டு வருடத்துக்கு முன் அதே சொல்லுக்கு ஒருவர் வேறு பொருள் சொன்னது அவருக்கு ஞாபகம் வராமல் இருந்திருக்காது. ஆனால் அதைச் சொன்னவர் அடைக்கலம். அடைக்கலம் சொன்னது சரியாக இருக்கக்கூடும் என்ற இடத்துக்கு சோலையப்பனின் மனம் போகவே போகாது.

 அன்று சாயங்காலமே திருப்பதி இலுப்பூருக்கு ஆள் அனுப்பினார். அங்கே பம்புசெட் வைத்த ஒரு குடும்பம் அழகியை முன்பே கேட்டிருந்தது. தங்கைக்குக் கொடுத்த வாக்கு தடையாக இருந்தது. இப்போது அந்தத் தடை போய்விட்டது.

சின்னப்பிள்ளை மகனுக்குத் தமிழில் கடிதம் எழுதச் செய்து பழைய விலாசத்துக்குப் போட்டாள். பதில் இல்லை. மூன்று வாரத்தில் அழகிக்கு இலுப்பூரில் முகூர்த்தம் என்று செய்தி வந்தபோது, அவள் விடிந்ததும் விடியாததுமாகப் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, "சிட்சை வாத்தியாரப் பாக்கணும்" என்றாள்.

அடைக்கலத்துக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கோபம் வந்தது.

"யாரு அனுப்புனா ஒன்ன? அந்தாளா?"

"எவரும் அனுப்பலய்யா. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இந்தி வாத்தியாருக்குத்தான் வெளங்கும்னு பஸ்ஸுல சொன்னாங்க."

அவர் வாங்கி ஒரு தடவை படித்தார். உடனே உரக்கச் சொன்னார்.

"ஒம்மகன் நல்லாருக்கான். பெரிய பீரங்கி ஓட்டக் கத்துக்கிறதுக்கு நாசிக் பக்கம் ஆறு மாசம் படிப்புக்கு அனுப்பியிருக்காங்க. கெட்டிக்காரனாப் பாத்துத்தான் அனுப்புவாங்க. படிப்பு முடியிற வரைக்கும் லீவு கெடையாது. அவ்வளவுதான்."

சின்னப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் அவர் கையைப் பிடித்தாள்.

"இதை எங்க ஊர் மந்தையில வந்து சொல்லுங்கய்யா. நான் சொன்னா நம்ப மாட்டாக. என் அண்ணன் பொண்ண வேறெடத்துல குடுக்கப் போறாக."

அடைக்கலத்துக்கு ஊர் கூடும் மந்தைக்குப் போவதில் விருப்பம் இருந்தது. அதில் பாதி சின்னப்பிள்ளைக்காக. மற்றப் பாதி, சோலையப்பனை அவருடைய சொந்த ஊரில் வைத்து நான்கு பேர் நடுவில் பொய்யராக்கலாம் என்பதற்காக. சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டு, இரண்டு அகராதிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விராலிமலையில் இறங்கி நடந்தார்.

மந்தையில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சோலையப்பனும் வந்திருந்தார். அடைக்கலம் கார்டைப் படித்துப் பொருள் சொன்னார். அகராதியைத் திறந்து காட்டினார். சோலையப்பனைத் தவிர யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. அவரும் குனிந்து பார்க்கவில்லை.

சோலையப்பன் எழுந்தார். வகுப்பில் பேசுவது போலவே நிதானமாகப் பேசினார்.

"மலையாளத்துல சிக்ஷன்னா தண்டனை. தெலுங்குல சிக்ஷன்னா தண்டனை. கன்னடத்துல சிக்ஷெ, அதுவும் தண்டனை. நம்ம தமிழ்ல சிட்சை, தண்டனை. சரி, இதெல்லாம் தெக்கத்தி பாஷைன்னு வச்சுக்குங்க. பையன் இருக்கிறது நாசிக். அது மராட்டிய சீமை. நம்ம டவுனு தையக்கடைக்காரரு மராட்டியப் பேச்சுக்காரரு. அவரைக் கேட்டேன். அவங்க பாஷையிலயும் சிக்ஷான்னா தண்டனைதானாம். அஞ்சு பாஷை ஒரு அர்த்தம் சொல்லுது. இந்தாளு ஒருத்தர் வேற சொல்றாரு. யாரை நம்புறது?"

கூட்டம் தலையாட்டியது. அந்த ஐந்தும் உண்மைதான் என்பது அடைக்கலத்துக்குத் தெரியும். அதனாலேயே அவருக்கு வேர்த்தது.

"அவன் இருக்கிறது மராட்டிய ஊரு. எழுதுனவன் இந்திக்காரன்யா!" என்று கத்தினார். "வடமொழியில படிப்பு. வங்காளத்துல ஷிக்கா, படிப்பு. பாலி பாஷையில சிக்கா, பயிற்சி. பொறந்த எடத்துல அது படிப்புதான். நம்ம பக்கம் வந்துதான் தண்டனை ஆச்சு. ஏன் ஆச்சு? இவரை மாதிரி வாத்தியாருங்க பிரம்பெடுத்து அடிச்சு அடிச்சே படிப்புன்னா அடின்னு ஆக்கிட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். "பிரம்பெடுக்கிறது யாருன்னு டவுனுல கேட்டாச் சொல்லுவாங்க" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு பெரிதானது.

அப்போது அடைக்கலத்திடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த மந்தை ஒருவேளை நம்பியிருக்கும். 1943இல் ஜபல்பூரில் சேர்ந்த இரண்டாம் வாரம், சுபேதார் அவர் பெயரைக் கூப்பிட்டுச் 'சிக்ஷா' என்றார். ஆவூர் மாதா கோயிலில் பிரசங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சிட்சை என்றுதான் விழுந்தது. என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் தந்தி வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. "நானே இப்படித்தான் ஏமாந்தேன்" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சோலையப்பன் செய்த அதே தவறைத் தானும் செய்ததாகச் சோலையப்பன் முன்னால் ஒப்புக்கொள்வதை விட அவர் நாக்கை அறுத்துக்கொள்வார்.

சோலையப்பன் கடைசியாகச் சொன்னார்: "இவரு வேதக்காரரு. இவங்க ஆவூர்க் கோயில்ல சாமியாரு சிட்சைன்னா தண்டனைன்னுதான் பிரசங்கம் வைக்கிறாரு. போய்க் கேட்டுப் பாருங்க. சம்பளத்துக்காகச் சொந்தச் சாமியாரையே பொய்யாக்குற ஆளு..."

அடைக்கலம் இரண்டு எட்டில் போய் அவர் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்து விழுந்தது.

அதற்குப் பிறகு யாரும் கார்டைப் பற்றிப் பேசவில்லை. ஊர்க்காரரை, படித்தவரை, சொந்த மந்தையில் வைத்து ஒரு வெளியூர்க்காரன் அடித்துவிட்டான். பத்துப் பேர் பாய்ந்தார்கள். சட்டை கிழிந்தது. அகராதிகளைப் பிடுங்கி மாட்டுத் தொட்டியில் போட்டார்கள். அவரை இழுத்துக்கொண்டு போய் வேலிமுள்ளில் தள்ளினார்கள். சின்னப்பிள்ளை குறுக்கே விழுந்து, "விடுங்கடா, விடுங்கடா" என்று அலறினாள். திருப்பதி தங்கையின் கையைப் பிடித்து அங்கிட்டு இழுத்தார்.

"இவனா ஒனக்குச் சாட்சி? இந்த ரவுடிப்பயலா?" என்றார். "போ, வீட்டப் பாத்துப் போ. பேச்சு முடிஞ்சு போச்சு."

முகூர்த்தம் குறித்தபடி இலுப்பூரில் நடந்தது.

பள்ளி நிர்வாகம் விசாரணை வைத்து அடைக்கலத்தை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தியது. அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் சின்னப்பிள்ளை அவர் வீடு தேடி வந்தாள். அடைக்கலத்தின் மனைவி சவேரியம்மாள் தண்ணீர் கொடுத்தாள். சின்னப்பிள்ளை வாங்கவில்லை.

"ஒங்களை நான் எதுக்குக் கூப்புட்டேன்?" என்று கேட்டாள். "எடுத்துச் சொல்லத்தானே? அடிக்கவா கூப்புட்டேன்? ஒங்க கையி அவர் மேல பட்டப்பவே எம்மகன் கல்யாணம் நின்னுபோச்சு. அவரு தெரியாமக் கெடுத்தாரு. நீங்க தெரிஞ்சு கெடுத்தீங்க."

  அவள் போன பிறகு, அடைக்கலம் சுபேதார் கதையை முதல் முறையாக மனைவியிடம் சொன்னார்.  "இதை அங்க சொல்ல என்ன கேடு ஒங்களுக்கு?" என்று சவேரியம்மாள் கேட்டாள்.

ஏழாம் மாதம் நாகராசு வந்தான். சட்டைக் கையில் பதவி உயர்ந்ததற்கான லான்ஸ் நாயக் பட்டை இருந்தது. படிப்பு முடித்ததற்கென்று இந்தியில் எழுதிய தாளும் கையில் இருந்தது. அம்மாவின் கடிதம் ஊர் ஊராகச் சுற்றி அவன் கைக்கு வந்தபோது அழகிக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் மாமன் வீட்டுக்குப் போகவில்லை. உடுப்போடு நேராகச் சோலையப்பன் வீட்டு வாசலில் போய் நின்று, அந்தத் தாளை நீட்டினான்.

"படிங்கய்யா. எழுத்துத்தான் தெரியுமே ஒங்களுக்கு."

சோலையப்பன் படித்தார். தன் தவறு அவருக்குப் புரிந்தது. ஆனால் அவரும் அடைக்கலத்தைப் போன்றவர்தான்.

"கார்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் நான் வாசிச்சேன். அந்தச் சொல்லை நானா உண்டாக்குனேன்?" என்றார்.

நாகராசு எச்சிலைக் கூட்டி வாசற்படியில் துப்பிவிட்டுத் திரும்பினான். பின்னால் வந்த சின்னப்பிள்ளை குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அந்த வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். ஊரே பார்த்தது. நாகராசு லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டான். அவன் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அழகிக்கு விஷயம் தெரிந்த அன்றிலிருந்து, பொங்கலுக்குக்கூடத் தகப்பன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. திருப்பதி சீர் கொண்டுபோனால் வாங்கிக் கொல்லையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாளாம்.

வேலைக்குத் திரும்பிய அடைக்கலத்திடம் ஒரு மாற்றம் இருந்தது. பிரம்பைத் தொடவில்லை. அதற்காகப் பேச்சு மென்மையாகிவிடவில்லை. நாக்கு முன்னை விட மோசமாகத்தான் இருந்தது. இன்னொரு புதுப் பழக்கமும் வந்தது. ஊருக்கு வரும் கம்பளி வியாபாரி, லீவில் வரும் சிப்பாய், கொழும்பிலிருந்து திரும்பியவர் என்று யாரைக் கண்டாலும், அவர்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பார். தமிழில் அது எப்போது தண்டனை ஆனது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பார். வருடக்கணக்கில் எழுதினார். அச்சுக்குக் கொடுக்கலாம் என்று மனைவி சொன்னபோது, "இன்னும் முடியல" என்றார்.

1965 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். அதற்குள் சோலையப்பன் தலைமை ஆசிரியர் ஆகியிருந்தார். ஒருநாள் காலை நூறு பேர் அடைக்கலத்தின் வீட்டுக்கு முன்னால் திரண்டார்கள். பெயர்ப்பலகை மேல் தாரை ஊற்றினார்கள். ஓட்டின் மேல் கல் விழுந்தது. அவர் வெளியே வந்து படியில் நின்றார்.

"இந்தி ஒழிகன்னு சொல்லுய்யா!"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப வாழ்கன்னு சொல்றியா?"

"அதையும் சொல்ல மாட்டேன். ஒங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்க."

நான்கு பேர் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். புத்தகங்களை ரோட்டில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நோட்டும் அதற்குள் இருந்தது. சவேரியம்மாள், "அந்த நோட்ட மட்டும் குடுங்கய்யா, அது இந்தி இல்ல" என்று கெஞ்சினாள். யார் காதிலும் விழவில்லை. அடைக்கலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருவன் அவர் முகத்தில் தார்க்கையைத் தேய்த்தான். அப்போதும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

முக்கால்வாசி எரிந்தபோது சோலையப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். "போதும், வீட்டுக்குப் போங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். கூட்டம் கலைந்தது. தெருவில் புகையும் இவர்கள் இருவரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"தண்ணி எடுத்து மூஞ்சியக் கழுவுங்க" என்றார் சோலையப்பன்.

"நீ சொன்னதும் போறானுங்கன்னா, நீ சொல்லித்தானே வந்திருப்பானுங்க" என்றார் அடைக்கலம்.

சோலையப்பனின் முகம் சிவந்தது. "ஒன்னக் காப்பாத்த வந்தேன் பாரு, எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அவர் சொல்லித்தான் வந்தார்களா என்பது யாருக்கும் தெரியாது. அடைக்கலம் அப்படித்தான் நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குப் பதினேழு வருடத்தில் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

1968இல் பள்ளிகளிலிருந்து இந்தி எடுக்கப்பட்டது. நீதிபோதனை வகுப்பும் தோட்ட வேலையும் பார்க்கலாம், சம்பளம் குறையாது என்று தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கடிதம் வந்தது. அடைக்கலம் அதைப் படித்தார். மடித்துத் திருப்பியனுப்பிவிட்டு, அதே வாரம் ராஜினாமா செய்தார். ஆவூரில் இருந்த பங்கு நிலத்தில் கடலை போட்டார். அங்கும் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகத் தம்பியோடு பேச்சு நின்றது.

மறுவருடம் சோலையப்பன் ஓய்வு பெற்றுக் கருங்குளத்துப்பட்டிக்கே போய்ச் சேர்ந்தார். ஒரு தடவை திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் அமைந்துவிட்டது. வேறு இடம் இல்லை.  பஸ் திரும்பும்போது தோள் இடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் விலகிக்கொண்டார்கள். விராலிமலையில் சோலையப்பன் இறங்கினார். சாலையோரத்தில் சின்னப்பிள்ளை கூடையில் வெள்ளரிப்பிஞ்சு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். இறங்குகிறவரைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்தவரையும் பார்த்தாள். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.